ஒரு பிடி தவிட்டுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தாயத்து கட்டுகிற ஆள் இல்லை. பதினெட்டு வருஷமாகக் குமராட்சிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டுகிறேன். பெல்ட் அறுந்தால் பெல்ட்டைத்தான் பார்ப்பேன், எலுமிச்சம்பழம் தேட மாட்டேன். அப்படிப்பட்டவன் பெற்ற மகளுக்குத் தவிட்டம்மா என்று பேர் வைத்திருக்கிறானே என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டீச்சரும் சிரித்தார். "ஏங்க, மாடர்னா ஒரு பேர் கெடைக்கலியா?" என்றார். கிடைத்தது டீச்சர், ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்தது. வைத்துக்கொள்ளத்தான் பிள்ளைகள் தங்கவில்லை.

முதல் இரண்டு குழந்தைகளுக்கும் பிறப்பதற்கு முன்பே செல்போனில் தேடித் தேடிப் பேர் எடுத்து வைத்திருந்தோம். ஒன்று மூன்று நாள் இருந்தது, இன்னொன்று ஒரே நாள். மூன்றாவது முறை என் மனைவி வசந்தி பேர்ப் பேச்சையே எடுக்க விடவில்லை.

எட்டாம் மாதமே வலி வந்து சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெண் பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இரண்டு நாள் போகட்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே அடைமழை. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி எங்கள் மில்லுக்குள் முழங்கால் அளவு நின்றது, சுற்றுவட்டாரத்தில் ஒரு மில்லும் ஓடவில்லை. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் நானும் மச்சானும் நின்றுகொண்டிருந்தோம். மச்சான் என்றால் வசந்தியின் தம்பி, கடலூரில் படகு வைத்திருக்கிறான். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் நேராக என்னிடம் வந்தார்.

"பொட்டப்புள்ளதானப்பா? எனக்குக் குடுத்துடு. தவுட்டுக்கு வாங்கிக்கிறேன்."

எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது, இப்போது யாரும் செய்வதில்லை. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை வேறொருத்திக்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். தவிட்டுக்குப் போன பிள்ளைதானே என்று எமனும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டானாம். வாங்கினவள் பேருக்குத் தாய், வளர்ப்பதெல்லாம் பெற்றவள்தான். அந்தப் பிள்ளைக்குத் தவிட்டம்மா என்று பேர் வைப்பார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. மாட்டுக்கென்று மூட்டை மூட்டையாகத் தவிடு அள்ளிக் கட்டுகிறவன் நான், என் பிள்ளை தவிட்டுக்கா?

"குடுத்துடு மாமா," என்றான் மச்சான். "வாய் வார்த்ததானே, என்னா கொறஞ்சிப் போவுது?"

என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியாது. "எடுத்துக்கம்மா" என்றேன், சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி தவிட்டை என் உள்ளங்கையில் கொட்டினார்.

"இனிமே எம்புள்ள. தவிட்டம்மான்னு கூப்புடு. நான் வர்ற வரைக்கும் நல்லா பாத்துக்க."

தவிடு சுட்டது. மிஷினிலிருந்து விழுகிறபோது இருக்கிற சூடு அது, அரை மணி நேரம்கூட நிற்காது. எந்த மில்லு என்று கேட்க நிமிர்ந்தேன், அதற்குள் மாடியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். மூடிய கையோடு ஓடினேன். அதுவரை சத்தமே போடாத பிள்ளை கண்ணாடிக்குள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது அவர் இல்லை. நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், மச்சானும் பார்த்தான். மஞ்சள் சேலை என்பான் அவன், பச்சை என்பேன் நான், இன்றைக்கும் சண்டைதான். மங்கலம்பேட்டை வரைக்கும் தெரிந்த மில்லுக்கெல்லாம் போன் போட்டேன். கரண்ட்டே இல்லை, எங்கிருந்து அரைப்பது என்று ஏசினார்கள்.

பிள்ளை பிழைத்தது டாக்டரின் கைராசி, அதை நான் மறுக்கவில்லை. தவிட்டுக்கு மட்டும் யாராவது ஒரு காரணம் சொல்லுங்கள். வசந்தி அதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். தவிடு பத்து நாளில் காறிப்போகும், வண்டு விழும். ஆறு வருஷம் ஆகிறது, நம்பினால் நம்புங்கள், இன்றும் திறந்தால் புதுத் தவிட்டு வாசனைதான்.

எனக்கு இருந்த ஒரே பயம் அந்தக் கடைசிப் பேச்சு. நான் வர்ற வரைக்கும் என்றால், ஒருநாள் வந்து பிள்ளையைக் கேட்பாரா? வசந்தியிடம் சொன்னேன்.

"வந்தா வரட்டுமே. ஒக்கார வச்சி சோறு போடுவோம். ஒரு புள்ளைக்கு ரெண்டு அம்மா ஜாஸ்தியா?" என்றாள்.

போன மாதம் தவிட்டம்மாவுக்குக் காய்ச்சல், நான்கு நாளாக இறங்கவில்லை. மருந்து ஒரு பக்கம் நடந்தது, எனக்குப் பழைய இரண்டு முகங்களும் கண்ணிலேயே நின்றன. ஐந்தாம் நாள் மத்தியானம் பார்த்தால் பாயில் பிள்ளையைக் காணோம். நாற்காலி போட்டு ஏறி, அந்த டப்பாவைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்தாள்.

"அப்பா, சுடுது."

காய்ச்சல்தான் ஏறிவிட்டது என்று பதறி அவள் கையைப் பிடித்தேன். கை குளிர்ந்திருந்தது, நெற்றியும் குளிர்ந்திருந்தது. டப்பாவுக்குள் கை விட்டேன். தவிடுதான் சுட்டது.

வசந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கை விட்டுப் பார்த்தாள். உள்ளே போய், உலைக்கு ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள்.