அறுபத்திரண்டு கிலோ

என் அம்மாவின் தொழில் தராசுகளைச் சரிபார்ப்பது. கடைகளிலும் மில்களிலும் மருந்துக் கிடங்குகளிலும் இருக்கும் எடை மெஷின்கள் உண்மை பேசுகின்றனவா என்று பார்ப்பார். பேசாவிட்டால் திருகிச் சரிசெய்து, முத்திரை ஒட்டிவிட்டு வருவார். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அதனால் ‘சுமார்’ என்ற சொல் எங்கள் வீட்டில் செல்லாது. சுமார் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்றால், சுமாருக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்பார். அக்கா பிறந்த அன்று, குழந்தையை நிறுத்த மெஷின் எழுபது கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று கட்டிலில் படுத்தபடியே நர்ஸிடம் சொன்னாராம். அப்பா இதை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டார். “எழுபத்தஞ்சு” என்று திருத்துவார்.

இப்படிப்பட்டவர் தலையில் எலெக்ட்ரிக் காரைக் கட்டியது நான்தான்.

நான் பள்ளியை முடித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அடுத்து என்ன என்று யார் கேட்டாலும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பேன். உண்மையில் யோசித்துக்கொண்டிருந்தது கார்களைப் பற்றி. ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் கிடையாது, ஆனால் வீடியோ பார்த்துப் பார்த்து பேட்டரியைப் பற்றி மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். அம்மாவின் பழைய வேன் மூச்சை நிறுத்திய சமயம் பார்த்து நான் பேசிய பேச்சில், பேச்சை நிறுத்துவதற்காகவே வாங்கிவிட்டார் என்பது அக்காவின் கருத்து.

ஊருக்குள் ஓட்டிய வரை கார் தங்கமாக இருந்தது. இரவில் வாசலில் சார்ஜ் போட்டால் காலையில் தயார். ஒரே ஒரு தகராறுதான். இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று திரையில் ஒரு எண் வரும். நாலு கிலோமீட்டர் போவதற்குள் அது பதினைந்து குறையும், இறக்கத்தில் மூன்று கூடும். அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். “இது தராசா இருந்தா கடையைப் பூட்டிட்டு வந்திருப்பேன்” என்பார். அது வெறும் கணிப்பு என்று நான் விளக்குவேன். “கணிப்புன்னா ஜோசியம் சொல்லட்டும். எதுக்கு நம்பர் போடுது?” என்பார்.

இனி எடைக்கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இருபது கிலோ இரும்புக்கற்கள் எட்டு இருக்கின்றன. கைப்பிடியோடு, ஆளுக்கு ஒரு துணி உறை போட்டு, மாடிப்படிக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சின்னக் கற்கள் ஒரு வெல்வெட் பெட்டியில். அவற்றை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், விரல் வேர்வை ஒட்டினால் எடை கூடிவிடும். என்னைக் குளிப்பாட்டியதைவிட அம்மா அவற்றை அதிகம் துடைத்திருக்கிறார். ஊரிலுள்ள தராசுகளுக்கெல்லாம் இந்தக் கற்கள் நீதிபதி என்றால், இந்தக் கற்களுக்கே ஒரு நீதிபதி உண்டு. முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, மலைமேல் ஒரு ஆய்வுக்கூடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கே கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் எந்தத் தராசுக்கும் அம்மா முத்திரை வைக்க முடியாது. போனமுறை லாரியில் அனுப்பியதில் ஒரு கல் மூக்கு உடைந்து வந்தது. அதனால் இம்முறை தானே கொண்டுபோவது என்று முடிவு.

தேதி வாங்கும் வேலையை, சும்மா இருக்கிறானே என்று, என்னிடம் கொடுத்தார். நான் அதையும் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். கடைசியில் கிடைத்தது பழைய சான்றிதழ் காலாவதியாவதற்கு முந்தின நாள். மாலை நான்கு மணிக்குக் கதவு மூடும். தவறவிட்டால் அடுத்த முறை ஏழு வாரம் கழித்து. நடுவில் திங்கட்கிழமை, மாவு மில்லில் பன்னிரண்டு மெஷின்கள், வருடத்திலேயே பெரிய வேலை. அம்மா போகாவிட்டால் அவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள், பிறகு அந்த ஆளையேதான் எப்போதும் கூப்பிடுவார்கள்.

“பயப்படாதம்மா. ரோடு என் பொறுப்பு” என்றேன். இரண்டு இடத்தில் வேகச் சார்ஜிங், தலா அரை மணி நேரம், ஒரு மணிக்கு மலைமேல். தாளில் கலர் கலராகக் கட்டம் போட்டிருந்தேன். கம்பெனி புத்தகத்தில் முந்நூற்று இருபது கிலோமீட்டர் போகும் என்று போட்டிருந்தது. அந்த எண்ணில் ஏசி கிடையாது, மலை கிடையாது, பின்னால் நூற்று அறுபது கிலோ இரும்பு கிடையாது என்பது என் கட்டங்களில் இல்லை. எனக்கு அது ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பயணமாகவே தோன்றவில்லை, வீடியோவில் வருகிற நெடும்பயணமாகத் தோன்றியது. மடக்கு நாற்காலி, பெரிய குடை, கேமரா வைக்கும் முக்காலி, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், ஒருநாள் பயணத்துக்கு இரண்டு மாற்றுச் சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டேன். இழுத்துவரக் கயிறு எடுத்தாயா என்று அக்கா வாசலில் நின்று கேட்டாள். பெரிய மனிதர்கள் கிளம்பும்போது இப்படித்தான் யாராவது கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஸ்டேஷனுக்கு ஒன்பது மணிக்குப் போனோம். கொஞ்ச நேரம் வரிசையில் நின்று ஒயரைச் செருகினேன். எண்பது சதவீதம் வரை சரசரவென்று ஏறியது. அதன்பின் எண் நகரவே மறுத்தது. மெஷினில் கோளாறு என்று அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தேன். பின்னால் காத்திருந்த டாக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

“தம்பி, எண்பதுக்கு மேல சொட்டு சொட்டாத்தான் ஏறும். எல்லா வண்டிக்கும் அப்படித்தான். எடுத்துட்டுக் கிளம்புங்க.”

மூன்று மணி நேரம் பேட்டரி பற்றிப் பேசக்கூடிய எனக்கு இது தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ள முடியாதபடி அம்மா பக்கத்தில் இருந்தார். அதனால், எங்களுக்கு நூறு வேண்டும் என்றேன், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பெற்றவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, எண்பதோடு போனால் என்ன என்று ஒருமுறை கேட்டார். முழுசா போட்டால்தான் நிம்மதி என்றேன். கடைசி இருபதுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. டாக்ஸிக்காரர் இருக்கையைச் சாய்த்துப் படுத்து முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டார்.

விட்ட நேரத்தைப் பிடிக்க அம்மாவை நூறில் போகச் சொன்னேன். திரையில் இருந்த எண் உருக ஆரம்பித்தது. நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுவதற்குள் இருநூற்றுப் பதினைந்தைத் தின்றுவிட்டது. நடுவில் ஒரு மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, ரொட்டியும் முட்டையும் சாப்பிடுவதைப் படம் எடுத்ததில் நாற்பது நிமிடம் போனது. அது யார் யோசனை என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது ஸ்டேஷனில் இரண்டு மெஷின்கள். இரண்டும் வேலை செய்வதாக என் செல்போன் சத்தியம் செய்திருந்தது. வேகமானதன்மேல் ‘பழுது’ என்று தாள் ஒட்டியிருந்தது, தாளே பழுப்பேறியிருந்தது. மெதுவானதில் ஒரு கார் நின்றது. தொண்ணூற்றொரு சதவீதம். உரிமையாளர் எதிரே சாப்பாட்டுக் கடையில் இருந்தார். ஓடிப்போய்க் கெஞ்சினேன். அவர் தட்டிலிருந்து நிமிராமல், முழுசா போட்டால்தான் நிம்மதி என்றார். நான் காலையில் சொன்ன அதே வாக்கியம், அதே குரலில்.

அவர் கிளம்பி எங்கள் முறை வந்தபோது இரண்டு ஐந்து. இரண்டு இருபத்தைந்துக்கு அம்மா ஒயரைக் கழற்றினார். இனி ஒரு நிமிடம் நின்றாலும் நான்கு மணிக்குள் போக முடியாது. திரையில் தொண்ணூற்றெட்டு. போக வேண்டியது எண்பது, அதில் கடைசி முப்பதும் ஏற்றம். காலையிலிருந்து அந்த எண் சொன்னது ஒன்று, ஓடியது ஒன்று. அம்மா பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார். நாற்காலியைக் கையில் தூக்கி “நாலே கால்” என்றார். குடை, “ஒண்ணரை.” முக்காலி, என் பை, சாப்பாட்டுக் கூடை, தண்ணீர் கேன். நான் முன் இருக்கையில் உட்கார்ந்து வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஜன்னலருகே வந்து, தட்டில் வைத்த பொருளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“நீ எவ்வளவு?”

“என்ன எவ்வளவு?”

“எடை.”

“அறுபத்தி ரெண்டு.”

“சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

“இறங்கு.”

கல்லில் இரண்டை இங்கே விட்டுப் போகலாமே என்றேன். “கல்லுக்காகத்தான்டா போறோம்” என்றார். வழி சொல்ல ஆள் வேண்டாமா என்றேன். ரோட்டில் போர்டு இருக்கிறது என்றார். இறங்கினேன். எலெக்ட்ரிக் கார் சத்தமே போடாது என்று மாதக்கணக்கில் புகழ்ந்தவன் நான். என்னை விட்டுப் போனபோதும் அது சத்தமே போடவில்லை.

நாற்காலியை விரித்து, குடையைப் பிடித்துக்கொண்டு, பழுதான மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா போன் செய்தாள். எங்கே இருக்கிறாய் என்றாள், சொன்னேன். அம்மா எங்கே என்றாள், அதையும் சொன்னேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னாள்.

குடையும் நாற்காலியும் இருந்ததால் வருகிறவர்கள் என்னை ஸ்டேஷன் ஆள் என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. நாய்க்குட்டியோடு ஒரு தம்பதி வந்தார்கள், முதல்முறையாம். எண்பதுக்கு மேல் சொட்டு சொட்டாகத்தான் ஏறும் என்று அவர்களுக்கு விளக்கினேன், பிறவியிலேயே தெரிந்தவன்போல. அந்த அம்மாள் மிகவும் மெச்சி, “உங்க வண்டி எதுப்பா?” என்று கேட்டார்.

“மேல போயிருக்கு.”

“நீங்க போகலையா?”

“எடை அதிகம்னு இறக்கிட்டாங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. அம்மாவுக்குப் போன் செய்யக் கூடாது, ஏற்றத்தில் இருப்பார். பள்ளியில் படித்த இயற்பியலை வைத்து, கலர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அறுபத்திரண்டு கிலோவை அந்த மலை உயரத்துக்கு ஏற்ற எவ்வளவு மின்சாரம் ஆகும்? மூன்றுமுறை போட்டேன், மூன்றுமுறையும் ஒரே விடை. நான் இறங்கியதால் மிச்சமானது ஒரு கிலோமீட்டர், அவ்வளவுதான். பதினெட்டு வருடம் சோறு போட்டு வளர்த்த உடம்பு.

நான்கு மணி ஆனது. நான்கு ஐந்து ஆனது. மாவு மில் வேறு ஆளைக் கூப்பிடுவதும், மாடிப்படிக்கு அடியில் எட்டுக் கற்களும் உறை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதும் கண்முன் வந்தன. இதுவரை வீட்டில் சும்மா உட்கார நான் ஒருவன்தான் இருந்தேன். நான்கு பன்னிரண்டுக்குப் போன் அடித்தது.

“குடுத்துட்டேன்” என்றார் அம்மா. “மூணு அம்பத்தி மூணு. சனிக்கிழமை வந்து சான்றிதழோட கல்லை எடுத்துக்கச் சொல்லிட்டாங்க.”

சார்ஜ் எவ்வளவு இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

“நம்பரே வரல. கடைசி வளைவுல வெறும் கோடு போட்டுடுச்சு, மூணு கோடு. நாலு மாசத்துல இன்னைக்குத்தான் ஒழுங்கா பேசியிருக்கு. தெரியலன்னு சொல்லிடுச்சு.” குரலில் அப்படி ஒரு திருப்தி.

ஆய்வுக்கூடத்துக் காவலாளி தன் அறை பிளக்கில் இரண்டு மணி நேரம் சார்ஜ் போட விட்டாராம். பதிலுக்கு அங்கே கேன்டீன் தராசை அம்மா பார்த்துக் கொடுத்தாராம். கையில் கல் இல்லாததால் முத்திரை வைக்கவில்லை, சும்மா திட்டிவிட்டு மட்டும் வந்தாராம். மீதியை இறக்கம் கொடுத்தது. ஏழேகாலுக்கு ஸ்டேஷனுக்குள் கார் நுழைந்தது. நெற்றியெல்லாம் உப்பு பூத்திருந்தது. ஏசியை நிறுத்தி, காற்று இழுக்காமல் இருக்கக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, அறுபத்தைந்தைத் தாண்டாமல் போயிருக்கிறார். பின்னால் ஒரு லாரி மலை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததாம்.

அதற்குள் யார் முதலில் வந்தது என்று இரண்டு பேர் சண்டை போட்டதில், நான் தாளில் வரிசை எழுத ஆரம்பித்திருந்தேன். அம்மாவை மூன்றாவதாக எழுதினேன். அவர் வண்டியில் சாய்ந்து நின்று என் கணக்கை வாங்கிப் பார்த்தார்.

“ஒரு கிலோமீட்டரா?”

“ஆமாம்மா. நான் வந்திருந்தாலும் போயிருக்கும்.”

“போயிருக்காது” என்றார். “நீ பக்கத்துல இருந்தா ‘வேகமா போ வேகமா போ’ன்னு சொல்லிட்டே வருவ. நானும் நூறுல போயிருப்பேன். எடைக்காகவா இறக்கினேன்?”

எண்பது ஆனதும் நானே ஒயரைக் கழற்றினேன். நாற்காலி, குடை, முக்காலி, பை எல்லாவற்றையும் ஏற்றினேன். அம்மா தண்ணீர் கேனைத் தூக்கிப் பார்த்தார். மதியம் இறக்கும்போது அதில் பாதி இருந்தது.

“ரெண்டரை லிட்டர் இருந்துச்சே. எங்க?”

“குடிச்சிட்டேன்.”

அவர் என்னையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி, ஏறு. மொத்தத்துல ஒண்ணும் மாறல.”