நாலு பவுண்டு தளர்வாக

அவள் டென்னிஸை விட்டுவிட்டாளாம். மட்டைகளுக்கு நரம்பு கட்டிப் பிழைக்கிறாளாம். சித்தி யாரிடமோ கேட்டு அம்மாவிடம் சொல்ல, அந்தச் செய்தி கைகால் முளைத்து அவள் காதுக்கே வந்து சேர்ந்தது.

"நிஜமாடி?" என்றாள் அம்மா போனில்.

"பாதி நிஜம். நரம்பு கட்டுறேன். ஆட்டத்தை விடலை."

"வயசு இருபத்தொன்பது. உலகத்துல அறுநூத்திப் பன்னிரண்டாவது ஆளுன்னு சொல்லிக்கிட்டு…"

"நானூறு கோடிப் பொம்பளைங்கள்லம்மா! அப்பா எதுல அறுநூத்திப் பன்னிரண்டு?"

"குறட்டையில முதல் இடம்," என்று அம்மா சிரித்துவிட்டாள்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்பது அவளுக்குக் கைவந்த கலை. அங்கே தோற்றவர்கள் மறுநாள் காலை போட்டி அலுவலகப் பட்டியலில் கையெழுத்திட்டுக் காத்திருக்கலாம். பிரதான சுற்றில் யாராவது காயத்தால் விலகினால், கையெழுத்திட்டவர்களில் தரவரிசைப்படி முதல் ஆளுக்கு அந்த இடம். அவள் ஒருமுறைகூடக் காத்திருந்ததில்லை. தோற்ற ஊரில் தங்குவது, அழைக்காத விருந்துக்கு வாசலில் நிற்பதுபோல. இரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஓர் இடம் காலியானபோது பட்டியலில் முதலாவதாக இருந்திருக்க வேண்டியவள், பேருந்தில் வாய்பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிரதான சுற்றை இன்றுவரை கண்ணால் பார்த்ததோடு சரி.

நேற்றும் தோற்றாள். பெட்டியும் கட்டியாகிவிட்டது. அப்போதுதான், ஆறு வருடங்களாக அவளிடம் மட்டை கொடுக்கும் இளைய ஆட்டக்காரி வந்தாள். பிரதான சுற்றில் ஆடுபவர்களின் தரவரிசையில் நாலாவதாக இருப்பவள்.

"அக்கா, வழக்கத்தைவிட நாலு பவுண்டு தளர்வாப் போடுங்க."

நரம்பின் இழுவிசையில் அரைப் பவுண்டுகூடக் குறைக்காத பெண். தளர்ந்த நரம்பு பந்தைத் தானே தள்ளிவிடும்; கைக்கு வேலை மிச்சம். மட்டைகளை நீட்டியதும் இடது கையால்.

"தோள் வலிக்குதா?"

"சேச்சே!" பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது.

அடுத்தவள் வலியில் தன் மனம் துள்ளியதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பெட்டியைப் பிரித்தாள். காலையில் கையெழுத்திட்டாள்; பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. திரும்பும் வழியில் பனிக்கட்டிப் பை ஒன்றை வாங்கிக்கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

"இதை வை. பட்டியல்ல முதல் ஆளு நான்தான், அதனால நான் சொல்றதை நம்பாதே. டாக்டர்கிட்ட கேளு."

"அடப்பாவி அக்கா!" அந்தப் பெண் சிரித்தாள், சிரித்ததில் தோள் இழுத்து முகம் சுளித்தாள். "சரி, கேக்கிறேன். மட்டையை மட்டும் ஒழுங்காக் கட்டிடுங்க."

அந்தப் பெண்ணின் ஆட்டம் பதினொன்றுக்கு. பத்து இருபதுக்கு இரண்டாவது மட்டையின் கடைசிக் குறுக்கு நரம்பை இழுத்துப் பிடித்திருந்தாள். இப்போது விட்டால் மொத்தமும் நழுவும்.

மேசையில் கவிழ்த்து வைத்த போன் அதிர்ந்தது. அம்மாவாக இருக்கலாம். அலுவலகமாகவும் இருக்கலாம்.

"இரு, இரு, வந்துட்டேன்," என்று போனிடமே சொல்லிக்கொண்டு முடிச்சை இறுக்கினாள். காலில் ஆட்டக் காலணியை எட்டு மணிக்கே மாட்டியிருந்தாள். போன் நகர்ந்து நகர்ந்து மேசை விளிம்புக்கு வந்து, மறுபடி அதிர்ந்தது.