சயாமுக்குப் போன மாமா

நனைந்த சாக்கும் பினாயிலும் கலந்த வாடைதான் முதலில் மூக்கில் ஏறியது. ரிச்சர்ட்ஸ் டவுனில் மாதாகோயிலை ஒட்டிய ஒரு கூடத்தில், சுவரெங்கும் சாக்குத்துணி கட்டி, அதன்மேல் யுத்தப் படங்களைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். எனக்குப் பத்து வயது.

முந்தின நாள்தான் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அங்கே அழைத்துப் போயிருந்தார்கள். நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கு வந்து, "சயாம் ரயில் படமெல்லாம் இருக்கு" என்று நான் வாயை விட்டதும், களி கிண்டிக்கொண்டிருந்த ராஜம்மா அத்தை துடுப்பை அப்படியே விட்டுவிட்டாள். அப்பாவின் அக்கா அவள். மலாயாவில் "கித்தா"த் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், பால் வெட்டியவள். ஜப்பான்காரன் ஆண்டபோது மாமாவைத் தண்டவாளம் போடவென்று சயாமுக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். மூன்று மாத வேலைதான் என்றார்களாம். அவர் திரும்பவில்லை. செத்தார் என்றும் யாரும் சொல்லவில்லை. தனியாகக் கப்பலேறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அத்தை, தினமும் குங்குமம் வைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்தே வந்தாள். எலும்பும் தோலுமாய் நின்ற வெள்ளைக்காரச் சிப்பாய்களின் படங்களுக்குக் கீழே பெயர், ஊர், பட்டாளம் எல்லாம் எழுதியிருந்தது.

"நம்ம ஜனம் எங்கடி?" என்று கேட்டபடியே அத்தை கடைசி மூலைக்குப் போய்விட்டாள். டீச்சர் எங்களை விடாத மூலை அது. அங்கிருந்த படத்தில், ஒரு மூங்கில் கொட்டகைக்குள் கோவணம் கட்டிய ஆட்கள் வரிசையாகக் கிடந்தார்கள். ஓரத்தில் கிடந்தவரின் முகம் படத்தில் விழவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன. இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

அத்தையின் பிடி இறுகியது. "மம்பட்டி பட்டுப் போன விரலு. அவருதான்டி. கீழ இன்னா போட்டிருக்கு, படி."

காலராவில் மாண்ட ஆசியக் கூலிகள், புதைப்பதற்கு முன்பு என்று இங்கிலீஷில் இருந்தது. மனசுக்குள் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வேல முடிஞ்சு தூங்குறாங்கன்னு போட்டிருக்கு அத்தே."

அத்தை அந்தக் காலை விரல் நுனியால் தொட்டு, "தூங்கட்டும். அலுப்பா இருக்கும்" என்றாள்.

அந்தப் பொய் வருஷக்கணக்கில் என்னோடு படுத்தெழுந்தது. கண்ணாடி முன்னால் அவள் பொட்டு வைக்கும் நேரத்தில் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கல்யாணமாகித் தொம்மலூரில் நான் குடியிருந்தபோது, அத்தை படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று சேதி வந்தது. ஓடிப்போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். "பக்கத்துல கெடந்தவன் கண்ணுல ஈ மொச்சிக் கெடந்திச்சி. கண்ணத் தொறந்துகிட்டு யாராச்சும் தூங்குவாங்களா? எனக்குத் தெரியும்டி."

"அப்புறம் ஏன் பொட்டு?"

"பச்சப்புள்ள நீ, எனக்காகப் பொய் சொன்ன. மறுநாளே நான் பொட்ட அழிச்சிருந்தா, நீ பயந்திருக்க மாட்டியா?"

அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அந்தக் கூடம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். படங்கள் யார் கைக்குப் போயினவோ தெரியாது. யுத்தத்தைப் பற்றிய புத்தகம் எது கிடைத்தாலும் அந்தக் கொட்டகையைத் தேடுகிறேன். கண்டுவிட்டால் அதன் அடியில் எழுத என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது. அத்தை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்: முனுசாமி.