பதினாறாம் வாய்ப்பாட்டுக் கச்சேரி

பினாங்கில் ஒருவரைப் பார்த்ததும் சாப்பிட்டாயிற்றா என்று விசாரிப்போம். திருச்சிராப்பள்ளியில் என்ன பாட்டுக் கேட்பீர்கள் என்கிறார்கள். பதில் கிடைத்தால் போதும், உங்கள் கட்சி எது, நாட்டு நடப்பு உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிவாகிவிடும்.

மனைவியின் ஊரான ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்து நான்கு மாதம் பதினொரு நாள் ஆகிறது. பினாங்கில் இருபத்திரண்டு வருஷம் கிடங்கு எழுத்தராக இருந்தவனுக்கு இங்கே வேலை கிடைக்க டைப்பிங் தெரிய வேண்டுமாம். நாற்பத்தாறு வயதில் வகுப்பில் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த நண்பர்கள் இரண்டே பேர், இடது மிஷினில் ஸ்ரீரங்கம் சம்பத், வலது மிஷினில் புத்தூர் ஆரோக்கியசாமி.

"சினிமாப் பாட்டு கேக்கறவாளுக்கு மந்திரி பேர்கூடத் தெரியாது" என்பார் சம்பத்.

"கச்சேரி கேக்கறவங்களுக்கு அரிசி விலை தெரியாதுங்க. வீட்ல அவங்க தூங்குறதே ஆதி தாளத்துலதான்" என்பார் ஆரோக்கியசாமி.

போன சனிக்கிழமை வினை வந்தது. சம்பத் ஸ்ரீரங்கத்துக் கச்சேரிக்கு அழைத்தார், ஆரோக்கியசாமி திருச்சியில் பொதுக்கூட்டத்துக்கு அழைத்தார். ஒருவரோடு போனால் மற்றவர் திங்கட்கிழமை முகம் கொடுக்க மாட்டார். வயிற்றுவலி என்று இருவரிடமும் சொல்லிவிட்டு, தனியாக இரண்டுக்கும் போனேன்.

மாலை 4.50. கச்சேரியில் கடைசித் தூணுக்குப் பின்னால், தலையில் துண்டோடு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார் ஆரோக்கியசாமி. என்னைக் கண்டதும் எழுந்தே விட்டார். "சார், சம்பத்துகிட்ட சொல்லிடாதீங்க. மானம் போயிடும்." சம்பத் அங்கே இல்லை. பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி 6.40க்கு மைதானம் சேர்ந்தேன். முதல் வரிசையில் நின்று பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்தார் சம்பத். "சார், ஆரோக்கியசாமிக்குத் தெரியப்படாது, சொல்லிப்பிடாதேள்!"

திங்கட்கிழமை இருவரும் ஒன்றுமே நடக்காதது போலச் சண்டையை ஆரம்பித்தார்கள். பிறகு வகுப்பே என் பக்கம் திரும்பியது. "மலாயாக்காரரே, நீங்க சொல்லுங்க. கச்சேரியா, பொதுக்கூட்டமா?" இடமும் வலமும் நான்கு கண்கள் என்னைக் கெஞ்சின. சனிக்கிழமை கண்டதைச் சொன்னால் இருவரையும் இழப்பேன், ஒரு பக்கம் சேர்ந்தால் மற்றவரை.

பினாங்கிலும் ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டேன். தமிழர் எல்லோரும் பாடுவார்கள் என்பது எங்கள் கோப்பிக் கடைச் சீனக் கிழவர் ஆ லியோங்கின் நம்பிக்கை. தன் மகள் கல்யாணத்தில் என்னை மேடையேற்றிவிட்டார். எனக்கு ராகத்தோடு தெரிந்தது பதினாறாம் வாய்ப்பாடு ஒன்றுதான். அதைப் பாடினேன். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெய்வப் பாடல் என்று நினைத்தாராம்.

வேறு வழி தெரியவில்லை. டைப்பிங் வகுப்பிலும் எழுந்து நின்று அதையே பாடினேன். சம்பத்தின் விரல்கள் தாளம் போட்டன. ஆரோக்கியசாமி பொதுக்கூட்டத்தில் தட்டுவது போல ஒவ்வொரு வரிக்கும் கைதட்டினார். "பதின்மூணு பதினாறு இருநூத்தி ஒம்பது" என்று நான் இழுத்ததும் இரண்டு பக்கமிருந்தும் ஒரே குரலில் வந்தது:

"இருநூத்தி எட்டு!"

அவர்கள் இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்த முதல் விஷயம் அதுதான். வகுப்பே சிரித்தது, கேள்வி மறந்துபோனது.

அன்றைய நாட்குறிப்பில் 208 என்று எழுதி அடிக்கோடிட்டேன். பிறகு, கல்யாணத்தில் பாடியதை வரிவரியாக எழுதி வைத்திருந்த பழைய பினாங்குக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் 209 என்றுதான் பாடியிருக்கிறேன், ஒருவரும் திருத்தவில்லை. திருத்தப் பேனாவை எடுத்துவிட்டு மூடி வைத்தேன். ஆ லியோங் வீட்டுக் கல்யாணத்துக்கு அது 209ஆகவே இருக்கட்டும்.