ரயில் பெட்டி ஏற்றிய லோரி

கிள்ளான் பாசார் சந்தைக்குப் பின்னாலிருந்த சாப்பாட்டுக் கடையில், தே தாரேக் டீக் கிளாசுக்குப் பக்கத்தில் அண்ணனின் கைப்பேசி கிடந்தது. திரையில் ஒரு பழைய ரயில் பெட்டியின் படம். யாரோ ஒரு முதலாளி அதை வாங்கி பிரிக்பீல்ட்சில் உணவகமாக்கப் போகிறாராம். கிள்ளானிலிருந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சொந்த லோரி வைத்திருக்கும் யாரும் செயலியில் விலை சொல்லலாம். குறைத்துச் சொல்பவருக்கு வேலை. அண்ணனுக்கு ஆங்கிலம் தடுமாறும் என்பதால் நான்தான் அவருக்காக விலையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

எதிரே அண்ணனின் நெடுநாள் சிநேகிதரான கூட்டாளி, தன் கைப்பேசியில் அதே வேலைக்கு விலை சொல்லிக்கொண்டு. ஒரே கம்பெனியில் டிரைவர்களாக இருந்து, சேர்ந்தே விலகி, கடன் வாங்கி ஆளுக்கொரு லோரி எடுத்தவர்கள் இருவரும். விலை இறங்கிக்கொண்டே போனபோது அண்ணன்தான் நிறுத்தினார். "இப்படியே போனா டீசலுக்குக்கூட கட்டாது லா. இதுக்குக் கீழ நீயும் போகாத, நானும் போகல."

"சரிடா," என்று கூட்டாளி கை கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கழிவறைக்கு எழுந்துபோனார். அவர் திரும்புவதற்குள், எங்களுக்குத் தெரியாத ஒரு பெயரில் இன்னும் குறைந்த விலை வந்து, வேலை அந்தப் பெயருக்குப் போய்விட்டது. யாரோ பாவி என்று அவரும் எங்களோடு சேர்ந்து திட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரே அழைத்தார். "அந்த ரயில் பெட்டியோட பிரிக்பீல்ட்ஸ்ல மாட்டிக்கிட்டேன். சந்துல திரும்ப மாட்டேங்குது. வா லா."

அண்ணன் சட்டையை எடுத்து மாட்டினார். போக வேண்டாம் என்றேன். "சாஞ்சு நிக்குதாம்மா. யார் மேலயாவது விழுந்துடும்," என்றார். என் காரில்தான் போனோம்.

ரயில் பெட்டி தெருவை அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் சரிந்து நின்றது. அண்ணன் காரிலிருந்து இறங்கியதுமே சங்கிலிகளை இறுக்கிக் கட்டச் செய்து, கூட்டாளியின் லோரியில் ஏறி, முன்னும் பின்னுமாக எடுத்து எடுத்து, சட்டையெல்லாம் நனைய அதை உள்ளே கொண்டு சேர்த்தார். வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். உணவக முதலாளி வந்து யார் இவர் என்று கேட்டார்.

"நம்ம டிரைவர், பாஸ்," என்றார் கூட்டாளி.

அண்ணன் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "டிரைவர்னு சொல்லிட்டான்," என்றார். விலையில் ஏமாற்றியதைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அந்த ரயில் பெட்டியின் படத்தைக் காட்டியே கூட்டாளி பெரிய வேலைகளைப் பிடித்தார். லோரிகள் கூடின. செயலியில் விலை இறங்க இறங்க, அண்ணனால் தவணை கட்ட முடியவில்லை. அவர் லோரியை வங்கி இழுத்துக்கொண்டு போனது. ஐம்பது வயதைத் தாண்டியவரை ஷா ஆலமில் எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. கடைசியில் கூப்பிட்டு வேலை கொடுத்தது கூட்டாளிதான். அதற்காக அவரை நல்லவர் என்று சொல்லும் உறவினர்களிடம் நான் பேசுவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் கூட்டாளி தன் மகளின் பிறந்தநாளை அந்த ரயில் பெட்டி உணவகத்தில் வைத்து, எங்களையும் அழைத்திருந்தார். வாசல்வரை வந்த அண்ணன் நின்றுவிட்டார்.

"நீ போய்ச் சாப்பிடும்மா. நான் லோரியைப் பார்த்துக்கணும்."

அன்றும் என் காரில்தான் வந்திருந்தோம்.