சாகணில் ஒரு கையொப்பம்

தொண்டு நிறுவனத்தில் பணிபுரிகிறவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. எந்த வேலைக்காக வந்தோமோ, அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி பத்து நிமிடம். குடையை விரித்தால் நின்றும் மடக்கினால் பெய்தும் அலைக்கழிக்கிற புனே மழைக்காலத் தூறல். கேம்ப் பகுதியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்குள் நுழையும்போது என் மனத்தில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது.

தருமபுரியிலிருந்து வந்து புனேயை அடுத்த சாகண் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக இருந்த முருகேசனின் வலக்கையில் மூன்று விரல்களை பிரஸ் மெஷின் எடுத்துவிட்டது. புதன்கிழமை காலை காப்பீட்டு மருத்துவக் குழு கூடுகிறது. விபத்து அறிக்கையில் ஒப்பந்தக்காரர் தரப்பின் கையொப்பம் இல்லாவிட்டால் மனுவைத் தொடமாட்டார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று எவருக்கும் தெரியவில்லை. ஆகவே, ஒப்பந்தக்காரரின் அலுவலகம் மூடும் மாலை ஐந்துக்குள் அந்தக் கையொப்பம் எனக்கு வேண்டும். இதே தொழிலில் அல்லல்படும் உங்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டியதில்லை.

கை தெரியட்டும்

மனுவில் கைநாட்டு வைக்க முருகேசன் வந்திருந்தார். எங்கள் இயக்குநர் அவரைக் கண்டதும் புகைப்படக்காரரை அழைத்தார். "தாயி, நன்கொடையாளர்களுக்கு இன்றே அனுப்ப வேண்டும்" என்றார். இந்த ஊரில் தொண்டு வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் தாயிதான், அதாவது அக்கா. இயக்குநர் முருகேசனைச் சன்னலருகே நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, கட்டை அவிழ்க்க முடியுமா என்றும் கேட்டார். முடியாது என்றேன். நான் குரலை உயர்த்திப் பேசுவது அபூர்வம், அன்று உயர்த்தினேன். கட்டோடுதான் படம் எடுத்தார்கள்.

அரைமணி நேரம் அதில் போயிற்று. படியிறங்கும்போது முருகேசன் சொன்னார்: "எல்லாரும் கையத்தான் கேக்கறாங்கக்கா. மூஞ்சிய ஒருத்தரும் கேக்கல."

வண்ண வரிசை

பதினொரு மணிக்கு விமான் நகரின் மென்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து இருபது பேர் ஒரே நிற பனியன் அணிந்து சமூக சேவை செய்ய வந்து இறங்கினார்கள். வழக்கமாக அவர்களுக்கு எங்கள் பின்சுவரைக் கொடுத்துவிடுவோம். அந்தச் சுவருக்கு அந்த ஆண்டில் அதற்குள் மூன்று முறை வண்ணம் பூசியாகிவிட்டது. மழை என்பதால், நான் தொலைபேசியில் இருந்த நேரத்தில், இயக்குநர் அவர்களிடம் கோப்பு அலமாரியை ஒப்படைத்துவிட்டார்.

நான் கோப்புகளை விசாரணைத் தேதிப்படி அடுக்குகிறவள். திரும்பி வந்து பார்த்தபோது அவை அட்டை நிறப்படி அடுக்கப்பட்டிருந்தன: சிவப்பெல்லாம் மேல்தட்டில், பச்சை நடுவில், நீலம் கீழே. அதன் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். முருகேசனின் கோப்பு நீலம். விபத்து நாளன்று அவர் தொழிற்சாலைக்குள் வந்ததற்கு ஒரே சான்றான வாயிற்பதிவேட்டு நகல் அதற்குள்தான் இருந்தது. நீல அட்டைகள் மட்டும் நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றாக வெடுக்கென்று இழுத்துத் திறந்தேன்.

கேம்ப்பிலேயே பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஸ்டெல்லா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, அப்புறமா கோபப்படுங்க. நீங்க இந்தப் பக்கம் பாருங்க, நான் அந்தப் பக்கம் பாக்கறேன், ஜல்தி!"

மஞ்சள் சீட்டு

நகல் கிடைத்தபோது மணி ஒன்றரை. கிளம்பப்போனவளை இயக்குநர் மறித்தார். பணிச்சுமையிலும் இலக்கில் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று ஒரு பயிற்சி வகுப்பாம். கட்டாயம் கலந்துகொள்ள வேண்டுமாம். பயிற்றுநர் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்து அவரவர் இலக்கை எழுதச் சொன்னார். "சாகணில் ஒரு கையொப்பம், இன்று ஐந்து மணிக்குள்" என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை உரக்கப் படித்துவிட்டு, கனிவோடு தலையசைத்தார்: "இது வெறும் வேலை, தாயி. இலக்கு இல்லை. இன்னும் பெரிதாக யோசியுங்கள்."

நான்கு நாற்பது

பெரிதாக யோசிக்காமல் எழுந்து வெளியேறினேன். பேருந்தில் போனால் நேரமாகிவிடும் என்று ஆட்டோ பிடித்தேன். நாசிக் சாலை நெரிசலில் ஊர்ந்து நான் சாகண் சேர்ந்தபோது மணி நான்கு நாற்பது. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். முருகேசன் என்ற பெயரில் தங்களிடம் ஆளே இல்லை என்றார். நகலை மேசைமேல் விரித்தேன்: காலை ஆறு ஐம்பத்தைந்து, முருகேசனின் கையெழுத்து, பக்கத்திலேயே மேற்பார்வையாளரின் சுருக்கொப்பம். அந்தக் கையெழுத்தைப் போட்ட விரல்கள் இப்போது இல்லை என்றேன். கையொப்பம் இல்லாமல் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழப்போவதில்லை என்றும் சொன்னேன்.

தோளிலிருந்த பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு விபத்து அறிக்கையில் கையொப்பமிட்டு, தாளை என் பக்கம் தள்ளினார்: "மேடம், உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?"

மறுநாள் காலை

இயக்குநர் முருகேசனின் கையை நன்கொடையாளர்களுக்கு அனுப்பினார். விமான் நகர்க்காரர்கள் அலமாரிப் படத்தை எங்களுக்கு அனுப்பினார்கள். பயிற்றுநர், என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் சான்றிதழ் அனுப்பினார். மேற்பார்வையாளர் அதே மெஷினில் புதிய ஆள் ஒருவரை நிறுத்தினார். முருகேசனின் அறைத்தோழர் அதைத் தொலைபேசியில் சொன்னார். ஸ்டெல்லா ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, கோப்புகளை மறுபடியும் தேதிப்படி அடுக்கத் தொடங்கினாள். முருகேசன் சவரம் செய்துகொண்டு ஏழு மணிக்கே மருத்துவமனை வரிசையில் நின்றார். பதினொன்றரைக்குக் குழு அவரைப் பார்த்து மனுவை ஏற்றுக்கொண்டது. அதுவரை நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். அலுவலக வருகைப் பதிவேட்டில் அந்தக் காலை வேளைக்கு என் பெயருக்கு நேரே விடுப்பு என்று குறித்திருக்கிறார்கள்.