தொட்டிக்கு முன்னால் மதகு

டெல்மார் ஃபியூகேட் வாயைத் திறந்தால் சாக்கடைதான் வரும் என்று அவன் அண்ணன் ஹார்லன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பொய்யில்லை. ஓஹையோ ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன நகரத்தின் கழிவுநீர்த் துறையில் டெல்மார் பொறியாளன். தம்பி படிக்கட்டும் என்று தன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நிலக்கரி அள்ளப் போனவன் ஹார்லன். அதை ஒருநாளும் அவன் சொல்லிக்காட்டியதில்லை. "எங்க வீட்லயும் ஒரு எஞ்சினியர் இருக்கான். என்ன, மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் கிட்ட போகணும்" என்பதோடு அவன் பெருமையடிப்பு முடிந்துவிடும்.

இருவரும் பிறந்தது டோபின் பள்ளத்தில். பெயருக்கேற்ற பள்ளம்தான். மேட்டுத்தெருக்களில் பெய்யும் மழை, மேட்டுவீடுகளில் கழுவி ஊற்றுவது எல்லாம் ஒரே குழாயில் இறங்கிப் பள்ளத்தின் வழியாகத்தான் போகும். பெருமழை வந்தால் குழாய் தாங்காது. அதற்காக அந்தக் காலத்தில் குழாய் கட்டியவர்கள் பள்ளத்தின் முனையில் ஆற்றுக்கு ஒரு வாய் வைத்துவிட்டுப் போனார்கள். மழை பெய்யும்போதெல்லாம் அந்த வாய் ஊரின் அசிங்கத்தை ஆற்றில் கக்கும். டெல்மார் சம்பாதித்து மேட்டுக்குக் குடிபோனான். ஹார்லனும் அவன் மனைவி நெவாவும் பழைய வீட்டிலேயே இருந்தார்கள்.

மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆட்கள் வந்து, ஆற்றைக் கெடுப்பதை நிறுத்துகிறீர்களா, நீதிமன்றத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டதும் பேச்சு தொடங்கியது. கேட்டது நியாயம்தான். ஆனால் பேசினார்கள், பேசினார்கள், வருஷக்கணக்கில் பேசினார்கள். கல்யாணத்துக்குச் சீர் பேசுகிறவர்கள்கூட இப்படி இழுத்தடித்ததில்லை. எந்த வாயை எப்போது மூடுவது, வருஷத்துக்கு எத்தனை மழைக்கு மன்னிப்பு, தாமதித்தால் என்ன அபராதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மல்லுக்கட்டு. நகரத்தின் பக்கம் வழக்கறிஞர் கிரெய்டனும் டெல்மாரும். எதிரே ஹால்வர்சன் என்ற வழக்கறிஞர் அம்மாள். சிரிக்கமாட்டார், ஆனால் ஏமாற்றவும் மாட்டார். உள்ளே பேசுவது ஒரு வார்த்தைகூட வெளியே போகக்கூடாது என்று இரண்டு பக்கமும் முதல்நாளே வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

டெல்மார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பள்ளத்தில் முதலில் மழைநேரத்தில் பொங்கும் தண்ணீரைத் தேக்கிவைக்க நிலத்தடித் தொட்டி கட்ட வேண்டும், அதன் பிறகே வாய்க்கு மதகு போட்டு மூட வேண்டும். மதகு முந்திக்கொண்டால் ஆற்றுக்குப் போக வழியில்லாத தண்ணீர் பள்ளத்து வீடுகளின் நிலவறையில் ஏறும்.

கடைசி நாளன்று நகரம் எல்லா வேலையையும் முடிக்க இன்னும் சில வருஷம் அவகாசம் கேட்டது. அவகாசம் இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு கழிவுநீர்க் கட்டணம் எகிறும், ஏழைகள் தாங்கமாட்டார்கள். அந்த அம்மாள் யோசித்துவிட்டு, "தர்றோம். ஆனா ஜனங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது உடனே நடக்கணும். பள்ளத்து வாயை இந்த வருஷமே மூடுங்க" என்றார்.

"தொட்டி இல்லாம மூடினா வீடுகளுக்குள்ள ஏறுமே?" என்றான் டெல்மார்.

"ஏறும்னா எழுத்துல காட்டுங்க. அங்கிருந்து ஒரு புகார்கூட எங்ககிட்ட இல்லையே."

இருக்காது. பள்ளத்துக்காரர்கள் நிலவறையில் தண்ணீர் வந்தால் துடைப்பத்தை எடுப்பார்கள், பேனாவை எடுக்கமாட்டார்கள். கிரெய்டன் மேசைக்கடியில் டெல்மாரின் முழங்காலைத் தட்டினார். "ரெண்டு வருஷத்துல தொட்டி வந்துடும்ப்பா. விட்டுக்கொடு." டெல்மார் தலையாட்டினான்.

அவன் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஒப்பந்தத்துக்கு நீதிபதி ஒப்புதல் தருமுன் ஜனங்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். பள்ளத்துச் சனம் வந்து கத்தினால் போதும், அதைக் காட்டி வரிசையை மாற்றிவிடலாம். அதற்காகவே கருத்துக் கேட்கும் கூட்டத்தைப் பள்ளத்துத் தேவாலயக் கூடத்தில் வைக்கச் சொன்னான். தெருவெல்லாம் அறிவிப்பு ஒட்ட வைத்தான்.

பள்ளத்திலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மேட்டிலிருந்து தூண்டில்காரர்கள் சிலர் வந்து, ஆறு சுத்தமாகப்போகிறது, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு, வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் டெல்மார் அண்ணன் வீட்டுக்குப் போனான். நெவா பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் வைத்தாள்.

"ஏண்ணே, நேத்து யாருமே வரலை?"

ஹார்லன் வாய்கொள்ளாமல் சிரித்தான். "எல்லாரும் என்கிட்டதான் கேட்டாங்க, போகணுமா வேணாமான்னு. நான்தான்டா தடுத்துட்டேன். நம்ம டெல்மார் உள்ள உக்காந்திருக்கான், நமக்குக் கெட்டது வர விடுவானா? நாம போய்க் கத்தினா மேட்டுக்காரங்க முன்னாடி அவன் மானம்தான் போகும்னேன். சரிதானே?"

கூட்டத்துக்கு வராதவர்கள் தங்கள் கருத்தைக் கடிதமாக எழுதிப்போட இன்னும் நாள் இருந்தது. 'கத்துங்கண்ணே, ஊரைக் கூட்டிக்கிட்டு வந்து கத்துங்க' என்று ஒரு வரி சொன்னால் போதும். வாக்கு மீறினால் வேலை போகும் என்று பயந்தான், அது உண்மை. அதைவிட, அண்ணன் முகத்தில் இருந்த அந்தப் பெருமையை உடைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "சரிதாண்ணே" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிட்டான்.

நீதிபதி ஒப்புதல் தந்தார். இலையுதிர்காலத்தில் மதகு இறங்கியது. செய்தித்தாளில் படம் வந்தது. ஆறு தெளிந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தொட்டி மட்டும் வரவில்லை. தொட்டிக்கான நிலத்தின் சொந்தக்காரர் வழக்குப் போட்டார், வேலை நின்றுபோனது.

வசந்தத்தின் முதல் மழைக்கு ஹார்லனின் நிலவறையில் கணுக்கால் அளவு நின்றது. "டேய், உன் மேட்டுக்காரங்க அனுப்பிவெச்சதெல்லாம் என் வீட்டுல விருந்தாடிக்கிட்டு இருக்குடா" என்று தொலைபேசியில் கேலிதான் செய்தான். டெல்மார் துறை ஆட்களை அனுப்பிக் கழுவிவிடச் சொன்னான். கழுவத்தான் முடிந்தது.

அடுத்து வந்தது பேய்மழை. நிலவறையில் இருந்த பெரிய உறைபெட்டியில், போன பருவத்தில் ஹார்லன் வேட்டையாடிய மான் கறி இருந்தது. அது கெட்டுப்போகாமல் எடுக்கலாம் என்று முழங்கால் தண்ணீரில் இறங்கினான். மின்சாரத்தை நிறுத்தத் தோன்றவில்லை. நெவா மேலிருந்து கூப்பிட்டாள். பதில் வரவில்லை.

அடக்கம் முடிந்து அதே தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. பள்ளமே திரண்டிருந்தது. பன்றிக்கறியும் முட்டையும் உருளைக்கிழங்குமாக ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். மீசைக்காரர் ராஸ்கோ, ஹார்லனோடு நிலக்கரி அள்ளியவர், டெல்மாரின் தோளைப் பிடித்தார். "தொட்டிக்கு அவகாசம் கேட்டு மறுபடி பேசப் போறாங்களாமே. நீ இருக்கேல்ல தம்பி, எங்களுக்கு அது போதும்."

"போதாது" என்றான் டெல்மார். "என்னை நம்பாதீங்க. எல்லாரும் வாங்க. வந்து மேசையைத் தட்டிக் கத்துங்க. ஒருத்தர் விடாம எழுதிப் போடுங்க."

"பாவம், அண்ணன் போன துக்கம்" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு ராஸ்கோ அவனுக்குக் காபி எடுத்துவரப் போனார்.

அவன் காபிக்குக் காத்திருக்கவில்லை. சமையலறையில் நெவா மிஞ்சிய பன்றிக்கறியைத் தாளில் பொதிந்துகொண்டிருந்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் செய்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, மதகை முதல்ல போடலாம்னு தலையாட்டினது நான்தான். வீட்டுக்குள்ள தண்ணி ஏறும்னு தெரிஞ்சேதான் ஆட்டினேன். கூட்டத்துக்கு நீங்கல்லாம் வந்து கத்துவீங்க, மாத்திடலாம்னு நினைச்சேன். வரலை. மறுநாள் அண்ணன்கிட்ட சொல்ல வந்தேன், சொல்லலை."

நெவாவின் கை நின்றது. பொதியைக் கீழே வைத்தாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று டெல்மாருக்கு இருந்தது.

"சொல்லியிருக்கலாம் டெல்மார். உன்னை ரெண்டு கெட்ட வார்த்தை திட்டியிருப்பார். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பார். அப்புறம் வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டி, தெருவையே கூட்டிக்கிட்டு வந்திருப்பார், உனக்காக."